தோற்றவன் மறுபடி உட்காரும் ஆட்டம்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில், மறைமலை நகரைத் தாண்டியதும் வருகிற சிங்கப்பெருமாள் கோயில், தன் பெயரைத் தன் குன்றின்மேல் உள்ள கோயிலிலிருந்தே பெற்ற ஊர். அந்தச் சிறு குன்றைக் குடைந்து அமைத்த குகையில், பாறையின் அங்கமாகவே அமர்ந்திருக்கிறார் பாடலாத்ரி நரசிம்மர். மூலவர் வேறு, மலை வேறு என்று பிரிக்க முடியாதபடியால், அவரைப் பிரதட்சிணம் செய்ய விரும்புகிறவர்கள் குன்றையே சுற்றி வரவேண்டியிருக்கிறது. நரசிம்மருக்கு நெற்றிக்கண் இருப்பது இத்தலத்தின் விசேஷம். தீபாராதனையின்போது அர்ச்சகர் திருமண்காப்பைச் சற்றே விலக்கி அந்தக் கண்ணைக் காட்டுவார். இத்தகைய ஊரைப் பற்றி எழுதப் புகுந்தவன், தலபுராணத்தையும் கல்வெட்டுகளையும் விட்டுவிட்டு விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறானே என்று சில பெரியவர்கள் வருந்தக்கூடும். ஆயினும், இவ்வூரிலிருந்து கிழக்கே மாமல்லபுரத்துக் கடற்கரை வரையிலும், மேற்கே ஒரகடத்தைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர் வரையிலும் உள்ள பிரதேசத்தில், பரமபதக் கட்டம் முதல் கைபேசித் திரை வரையில் மனிதர் ஆடிய ஆட்டங்களின் சரித்திரம் முழுவதும் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. அந்தச் சரித்திரத்தை ஒரு சிறு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதில் தவறில்லை: ஆடுகிறவர்கள் எந்த ஆட்டத்தை உயர்ந்த ஆட்டம் என்று மதித்தார்கள், எதனால் மதித்தார்கள்?

இந்தக் கேள்வியை வென்றவனிடம் கேட்பதில் பிரயோசனம் இல்லை. வென்றவனுக்கு எல்லா ஆட்டமும் நல்ல ஆட்டமே. தோற்றவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் வேஷ்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போகிறானா, அல்லது ஒரு வார்த்தையும் பேசாமல் காய்களை மறுபடி அடுக்கத் தொடங்குகிறானா என்பதில்தான் ஓர் ஆட்டத்தின் தராதரம் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

வைகுண்ட ஏகாதசி இரவு முழுவதும் கண்விழிக்க வேண்டும் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். பகலெல்லாம் உபவாசம் இருந்துவிட்டு, வெறும் வயிற்றோடு விடியும்வரை விழித்திருப்பது பக்தர்களுக்கும் எளிய காரியம் அன்று. அதற்கு நம் முன்னோர் கண்ட உபாயங்களுள் ஒன்று பரமபத சோபான படம். துணியிலோ காகிதத்திலோ வரைந்த கட்டங்களில், கீழே இழிந்த பிறவிகளும் மேலே தேவலோகங்களும் எல்லாவற்றுக்கும் உச்சியில் வைகுண்டமும் அமைந்திருக்க, தீக்குணங்களின் பெயர்களையோ அசுரர்களின் பெயர்களையோ தாங்கிய பாம்புகள் மேலிருந்து கீழே தொங்கும். பக்தி, தானம் முதலிய நற்குணங்கள் ஏணிகளாக நிற்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு நெடிய பாம்பு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். வைகுண்ட வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அந்த வாயில் விழுந்தவன், தான் பட்ட பாடெல்லாம் வீணாகி, ஏறக்குறைய அடிவாரத்துக்கே வந்து சேருவான். அப்போது எழும் கூச்சலில், தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த பெரியவர்களும் விழித்துக்கொள்வார்கள், விரதம் காப்பாற்றப்படும்.

இந்த ஆட்டம் வருஷத்தில் ஓர் இரவோடு நின்றுபோனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இதில் ஆடுகிறவனுடைய யோசனைக்கு ஓர் இம்மியும் இடமில்லை. கட்டை சொன்னபடி காய் நகருகிறது, காய் நின்ற இடத்தில் பாம்போ ஏணியோ தன் வேலையைச் செய்கிறது. தோற்றவன் விதியை நொந்துகொள்ளலாமே தவிர, அடுத்த முறை இன்னவாறு ஆடுவேன் என்று சங்கற்பம் செய்துகொள்ள வழியில்லை. மனித யத்தனத்தின் அற்பத்தனத்தை உணர்த்துவதே நோக்கமென்றால், இதைவிடச் சிறந்த உபதேசம் வேறில்லை. ஆனால் உபதேசத்தை மறுநாளும் கேட்க விரும்புகிறவர்கள் சிலரே. இதே குடும்பத்தைச் சேர்ந்த இந்தியப் படங்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக் குழந்தைகள் விளையாட்டாயின. 1943-ல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்புகளையும் எடுத்துவிட்டுச் சறுக்குமரங்களை வைத்தது. பயமும் போயிற்று, பரமபதமும் போயிற்று.

தாயக்கட்டத்தின் நிலைமை வேறு. பித்தளையிலோ இரும்பிலோ வார்த்த இரண்டு நீண்ட கட்டைகளை உள்ளங்கையில் உருட்டி, ஒன்றோடொன்று உரசி ஒலிக்கும்படி தரையில் விடும்போது, ஒவ்வொன்றிலும் உள்ள நான்கு முகங்களால் 16 வகையான விளைவுகள் உண்டாகலாம். அவற்றுள் தாயம் விழுவன இரண்டே. எட்டு முறைக்கு ஒருமுறை விழவேண்டிய அந்தத் தாயம், விழவேண்டிய சமயத்தில் விழாமல் ஆளைப் படுத்தும் பாட்டை அநுபவித்தவர்களே அறிவார்கள். மற்றவர்களின் காய்கள் கட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்க, தன் காய் ஒன்றுகூட இறங்காமல் கட்டையை உருட்டிக்கொண்டே இருப்பவனைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால் தாயம் விழுந்து காய் இறங்கிவிட்டால், அதன்பின் விதியின் அதிகாரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஐந்து விழுந்தது விதி. அந்த ஐந்தை எந்தக் காய்க்கு வைப்பது, எதிரியின் காயை வெட்டுவதா, குறுக்குக் கோடு போட்ட கட்டத்தில் பத்திரமாக ஏறி நிற்பதா, பழம் எடுக்கப் போகிற காயை ஓட்டுவதா என்பதெல்லாம் ஆடுகிறவன் பொறுப்பு. தோற்றவன் பாதிப் பழியைக் கட்டையின்மேல் போட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மீதிப் பாதியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் மத்தியானம் திண்ணைக்கு வரலாம். திண்ணைகள் இருந்த காலம் வரையில் இந்த ஆட்டம் குறைவின்றி நடந்ததற்கு, பழியை இவ்விதம் பங்கிட்டுக் கொடுத்த சாமர்த்தியமே காரணம் என்று நினைக்கிறேன். கீழடி அகழாய்வில் யானைத் தந்தத்தில் செய்த பகடைக்காய்கள் கிடைத்திருக்கின்றன. ஆகவே, கட்டையின்மேல் பழி போடும் வழக்கமும் தமிழ்நாட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாத பழமை உடையது என்று கொள்ளலாம்.

பெண்களுடைய பல்லாங்குழியில் விதிக்கு வேலையே இல்லை. இரண்டு வரிசையில் 14 குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ மஞ்சாடியோ கையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகவேண்டும். குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவள் எடுத்துக்கொள்வாள். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதைக் கண்ணாலேயே எண்ணிவிடுகிற மூதாட்டியோடு ஆடிய சிறுமிகள், கணக்குப் பாடத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்பே கற்றுக்கொண்டார்கள். ஒருத்தி தனியாகவே ஆடும் வகையும் உண்டு; அசோகவனத்தில் பிராட்டி ஆடியது என்று கருதி அதற்குச் சீதைப் பாண்டி என்று பெயர் வைத்தார்கள். துணை இல்லாதவளுக்கும் ஓர் ஆட்டம் வேண்டும் என்பதை உணர்ந்து இயற்றிய அந்தப் பெயர் தெரியாத மனுஷியின் கருணையை நினைத்து வியக்காமல் இருக்க முடியவில்லை.

இவை எல்லாவற்றிலும் என் மனத்துக்கு உகந்தது ஆடு புலி ஆட்டமே. இதற்குப் பலகையும் வேண்டாம், பணமும் வேண்டாம். கரித்துண்டால் தரையில் ஒரு கோபுர வடிவம் கிழித்து, குறுக்கே சில கோடுகள் இழுத்தால் 23 சந்திப்புகள் கிடைத்துவிடும். தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் தளக்கற்களில் இந்த வடிவத்தை நிரந்தரமாகவே கொத்தி வைத்திருக்கிறார்கள். கொத்தியவர்கள் கோயில் கட்டிய சிற்பிகளா, வெயிலுக்கு ஒதுங்கிய மாடு மேய்க்கிறவர்களா, தேசாந்தரம் போன யாத்திரிகர்களா என்ற விசாரணைக்கு முடிவு கிடையாது. கல்லுக்கு வயது உண்டு, கீறலுக்கு வயது சொல்லுவது கடினம். மூன்று புலிகள் ஒருபுறம், 15 ஆடுகள் மறுபுறம். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து அதை வெட்டும். ஆடுகளோ யாரையும் வெட்ட இயலாதவை, புலியைச் சூழ்ந்து நகர இடமில்லாமல் அடைத்துவிடுவது ஒன்றே அவற்றுக்கு வழி.

இரு கட்சிக்கும் சமமான படையைக் கொடுப்பதே நியாயம் என்று நினைக்கிறவர்கள் இந்த ஆட்டத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் கட்டத்தில் இறக்கவேண்டும். 15-உம் இறங்கி முடியும்வரை இறங்கியவை நகரக்கூடாது. புதிதாக ஆடுகிறவன், ஆட்டை எங்கே வைத்தால் அதன் பின்னால் ஒரு சந்திப்பு காலியாக இருக்கும் என்று கவனிக்காமல் வைப்பான். புலி ஒரே பாய்ச்சலில் அதை எடுத்துவிடும். நான்கைந்து ஆடுகளை இழந்தபின்தான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக முதுகு கொடுத்து வைக்கவேண்டும் என்ற ஞானம் அவனுக்கு உதயமாகும். அதற்குள் ஆட்டம் போய்விட்டிருக்கும். ஆனால் எந்த ஆடு போனதால் தோற்றோம் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரியும். விதியின்மேல் சாக்குச் சொல்ல வழியில்லை. எதிரியின்மேல் கோபம் கொள்ளவும் காரணமில்லை. அடுத்த ஆட்டத்தில் அவனே புலி. முன்பு தன்னைத் தின்ற புலியின் கண்ணால் இப்போது ஆடுகளைப் பார்க்கிறான். பார்க்கப் பார்க்கத் தன் பழைய பிழையின் உருவம் அவனுக்கு விளங்குகிறது. கற்றுக்கொடுக்கும் வாத்தியார் இல்லாமலே தோல்வி தானாகப் பாடம் சொல்லும்படி ஓர் ஆட்டத்தை அமைத்தவன் பெரிய சாஸ்திரக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். தோற்றவன் மறுபடி உட்காருவதுதான் அடையாளம் என்றால், சூதாட்டம் அல்லவா எல்லாவற்றிலும் உயர்ந்த ஆட்டம்? தோற்றவன் அதில்தானே எழுந்து போவதே இல்லை? ஆட்சேபம் நியாயமானது. அதற்கு விடையைச் செங்கற்பட்டுச் சீமையார் புஸ்தகத்தில் தேட வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் வெளியில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நடக்கும் உற்சவத்தில், சூது துகில் நடக்கிற இரவில் போய் உட்கார்ந்தால் போதும். மாமல்லபுரத்தில் பல்லவர் செதுக்கிய ஒற்றைக்கல் ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் உண்மையில் சம்பந்தம் ஏதும் இல்லாவிட்டாலும், ஜனங்கள் அவற்றுள் உயர்ந்ததைத் தர்மராஜ ரதம் என்றுதான் அழைக்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் வைத்த தர்மரையே, கூத்தாடுகிறவர்கள் நாடு, நகரம், தம்பிமார், தன் தேகம், மனைவி என்று வரிசையாகப் பணயம் வைத்து இழக்கச் செய்து, நடுநிசியில் ஊர் முழுவதையும் அழவைத்துவிடுகிறார்கள். திருதராஷ்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தபின், மறுபடியும் அழைப்பு வந்ததும் தர்மர் மறுபடியும் போய் உட்கார்ந்து, 12 வருஷ வனவாசத்தையும் ஒரு வருஷ அஞ்ஞாதவாசத்தையும் வாங்கிக்கொண்டு எழுந்தார்.

அவர் மறுபடி உட்கார்ந்தது உண்மையே. ஆனால் முதல் ஆட்டத்திலிருந்து எதையும் கற்றுக்கொண்டு உட்காரவில்லை. சகுனியின் கையில் இருந்த பகடை கற்றுக்கொள்ளக்கூடிய பொருளாகவும் இல்லை. இதிகாசம் எழுதியவருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. புஷ்கரனிடம் சூதாடி நாட்டை இழந்த நளன், ருதுபர்ணனிடம் அட்சஹிருதயம் என்னும் பகடை வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து உட்கார்ந்து, இழந்ததை மீட்ட கதையைப் பிருகதசுவ முனிவர் வனத்தில் இருந்த தர்மருக்கே சொல்லி, அந்த வித்தையையும் உபதேசிக்கிறார். பிறகு விராடன் சபையில் கங்கன் என்ற பெயரோடு தர்மர் பகடை உருட்டியபோது பயம் இல்லாமல் உருட்டினார். இழந்த பொருளை மீட்க வருகிறவன் வேறு, இழந்த ஆட்டத்தை மீட்க வருகிறவன் வேறு. நான் சொல்வது பின்னவனை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1972-ல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற ஆட்டத்தை இயற்றி, கலிபோர்னியாவில் சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் அந்த இயந்திரத்தை வைத்தது; சில நாளில் அது நின்றுவிட்டதாகத் தகவல் வந்து பழுது பார்க்கப் போனவர், காசுப் பெட்டி நிரம்பி வழிந்ததே கோளாறு என்று கண்ட கதை பிரசித்தமானது. இரண்டு வெள்ளைக் கோடுகளும் ஒரு வெள்ளைப் புள்ளியும் தவிர அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. 1978-ல் ஜப்பானில் தொமொஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்தை அமைத்தபோது, திரையில் அணிவகுத்து இறங்கும் 55 எதிரிகளைச் சுடச் சுட, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்து, கருவியின் வேகம் தானாகவே கூடிற்று. எஞ்சியிருப்பவர்கள் மேலும் மேலும் விரைந்து வந்தார்கள். கருவியின் குறை என்று அதைத் திருத்தாமல், வெற்றி நெருங்க நெருங்க ஆபத்தும் வளரட்டும் என்று அவர் விட்டுவைத்தார். வைகுண்டத்துக்குச் சற்றுக் கீழே பெரிய பாம்பை எழுதிய நம்மூர்ச் சித்திரக்காரனும் அதே யுக்தியை அறிந்தவன்தான்.

இந்தப் பக்கத்தில் வீடியோ கேம் பரவியது தொண்ணூறுகளில். ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட கருவியைப் போலச் செய்த மலிவான பெட்டிகள் சென்னைக் கடைத்தெருக்களில் வந்து குவிந்து, அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே ஒவ்வோர் ஊருக்கும் இறங்கின. வாங்க வசதியில்லாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடினார்கள். கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சில ஆட்டங்களே பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். கேசட் வேலை செய்யாவிட்டால் அதன் அடிப்புறத்தை வாயால் பலமாக ஊதி மறுபடி செருகுவது எல்லாப் பையன்களும் அறிந்த வைத்தியம். அந்த ஆயிரங்களில் நிலைத்து நின்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் தலைமையானவை 'மாரியோ'வும் 'கான்ட்ரா'வும்.

மாரியோவை ஷிகேரு மியாமோட்டோவும் அவருடைய தோழர்களும் 1985-ல் வெளியிட்டார்கள். ஆட்டம் தொடங்கியதும் ஒரு சிறு ஜந்து எதிரே நடந்து வருகிறது. பேசாமல் நின்றால் இடித்துக் கொன்றுவிடுகிறது. அடுத்த முறை பையன் பொத்தானை அழுத்துகிறான், மாரியோ குதிக்கிறான், ஜந்து காலடியில் நசுங்குகிறது. ஓர் எழுத்துக்கூட விளக்கம் இல்லை. ஜப்பானிய மொழியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது என்ற நிலையில் இருந்த சிங்கப்பெருமாள் கோயில் பையனும், டோக்கியோப் பையனும் அதே விநாடியில் அதே பாடத்தைச் சாவின் மூலமாகக் கற்றார்கள்.

கான்ட்ராவில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. இருவர் சேர்ந்து ஆடும் அந்த ஆட்டத்தில் ஒரே குண்டில் உயிர் போய்விடும். கணக்குப்படி மூன்று உயிர்கள்தான், ஆனால் நம்மூருக்கு வந்த கேசட்டுகள் பலவற்றில் முப்பது கிடைத்தன. தன் உயிர்கள் தீர்ந்தவன் பொத்தானை அழுத்திக் கூட்டாளியின் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் இருந்தது. "டேய், என் லைஃபை எடுக்காதடா!" என்ற அலறலைக் கேட்டு, அடுப்படியிலிருந்த தாய்மார்கள் ஓடிவந்து பார்த்ததும் உண்டு. மூன்றாவது கட்டம் ஓர் அருவி. அதில் மேலே மேலே தாவி ஏற வேண்டும். முந்தி ஏறியவனோடு திரையும் மேலே போய்விடுவதால், கீழே பின்தங்கியவன் எதிரி யாரும் சுடாமலே செத்துப்போவான். வேகமாக ஆடத் தெரிந்தவனே கூட்டாளிக்கு யமன். இதனால் மூண்ட சண்டைகளில் சில நாட்கள் வரை பேச்சுவார்த்தை நின்றுபோனதுண்டு. ஆனால் அந்த நாட்கள் கழிந்தபின் அதே இருவர் அதே அருவியில், ஒருவன் நின்று மற்றவனுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டு, சேர்ந்து ஏறினார்கள். அக்காலத்துப் பெரியோர் இதைக் கண்ணைக் கெடுக்கும் வேலை என்று மட்டும் கண்டார்கள். கண் கெட்டதும் பொய்யன்று.

பிறகு பாம்பு திரும்பி வந்தது. பின்லாந்தின் நோக்கியா நிறுவனத்தில் இருந்த தனேலி அர்மாண்டோ என்பவர் 1997-ல் 6110 என்ற கைபேசிக்காக அமைத்த பாம்பு ஆட்டம், அடுத்த சில வருஷங்களில் உலகத்தின் சட்டைப் பைகளில் எல்லாம் புகுந்துகொண்டது. அந்த நோக்கியாவே 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்து, 2014 நவம்பரில் மூடும்வரை, சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்களையும் யுவதிகளையும் கம்பெனி பஸ்களில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. தாங்கள் பகலில் பூட்டிய கைபேசிகளின் ஜாதியையே கையில் வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் பாம்பை ஓட்டியவர்கள் அவர்கள். பரமபதத்தில் பாம்பு நம்மை விழுங்கும். இதிலோ நாமே பாம்பு. இரை தின்னத் தின்ன உடம்பு நீளும்; நீண்ட உடம்பே வழியை அடைக்கும்; கடைசியில் சாவது தன் வாலிலேயே தான் முட்டி. எதிரி இல்லை, பகடை இல்லை, பழி சொல்ல ஒரு பாத்திரமும் இல்லை. ஆகையால்தான் செத்த மறுகணமே கட்டைவிரல் மறுபடி அந்தப் பொத்தானைத் தேடிற்று.

2018-ல் கைபேசிக்கு வந்த பப்ஜியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒரு தீவில் நூறு பேர் இறங்கிக் கடைசியில் ஒருவரோ ஒரு குழுவோ மிஞ்சும் அந்த ஆட்டத்தை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. மறு வருஷமே வேறு பெயரில் அது திரும்பி வந்தது. நூற்றில் பெரும்பாலோர் தோற்றே தீரவேண்டிய ஆட்டம் கோடிக்கணக்கானவர்களைக் கட்டிப் போட்டதென்றால், அதை அமைத்தவர்கள் வெற்றியைவிடத் தோல்வியை எவ்வளவு கவனமாகச் செய்திருக்க வேண்டும்! எங்கே ஒளிந்திருந்தவன் எந்தப் பக்கத்திலிருந்து சுட்டான் என்பது செத்தவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இனி அந்த ஜன்னல் ஓரமாக நிற்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அவன் மறுபடி இறங்குகிறான்.

அதே கைபேசியில் சகுனியும் குடியேறினான். பணம் வைத்து ஆடும் ரம்மி முதலியவற்றில் சம்பளத்தையும் நகையையும் இழந்து குடும்பங்கள் அழிந்த செய்திகள் வந்த வண்ணம் இருந்தன. தமிழ்நாட்டு அரசு 2021-ல் இயற்றிய சட்டத்தை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2022-ல் வேறொரு சட்டம் பிறந்தது. அதிலும் ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடையை 2023-ல் நீதிமன்றம் நீக்கியது. இறுதியில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று வக்கீல்கள் பல நாள் வாதிட்டார்கள். தோற்றவன் எதை மீட்க வருகிறான் என்று விசாரித்திருந்தால் வழக்கு சீக்கிரம் முடிந்திருக்குமோ என்னவோ.

என் அளவுகோலுக்கு அடங்காத ஆட்டம் ஒன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. கனடாவில் டொராண்டோ நகரத்தில் விசை கேம்ஸ் என்ற சிறு குழுவினர் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', எண்பதுகளின் இறுதியில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை. அவள் தாய் கொடுத்த சமையல் குறிப்புப் புஸ்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்க, ஆடுகிறவர் விடுபட்டதை ஊகித்து, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, எதை முன்னே எதைப் பின்னே போடுவது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிழை செய்தால் தண்டனை இல்லை, திரும்பச் செய்யலாம். இதில் வெல்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. தோல்வி என்று ஒன்று உண்டென்றால் அது தாய்க்கும் மகனுக்கும் நடுவே மொழியும் சோறும் விலகிப்போவதில்தான் இருக்கிறது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. முடித்தபின் அதை மறுபடி ஆடத் தோன்றுவதில்லை, மறக்கவும் தோன்றுவதில்லை. இதைச் சிறந்த ஆட்டம் என்பதா, சிறந்த கதை என்பதா என்று எனக்கு இன்னும் நிச்சயம் ஏற்படவில்லை.

கடற்கரைக்குப் போய் இந்தச் சரித்திரத்தை முடிப்போம். ரஷ்யாவில் நடக்கவேண்டியிருந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட், அந்நாடு உக்ரைன்மீது படையெடுத்ததால் இடம் மாறி, 2022 ஜூலை 28-ஆம் தேதி சென்னையில் தொடக்க விழாவும் அதன்பின் மாமல்லபுரத்தில் பந்தயங்களுமாக நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து இறங்க, வேஷ்டி கட்டிய 'தம்பி' என்ற குதிரைப் பொம்மை ஊரெங்கும் கைகூப்பி நின்றது. 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோனும், சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் ஆடி வளர்ந்த விசுவநாதன் ஆனந்தும் உழுது வைத்த நிலம் இது. அறுவடைக்கு வந்தவர்கள் பதின்ம வயதைத் தாண்டாதவர்கள்.

அவர்களுள் இந்தியாவின் இரண்டாம் அணியில் முதல் பலகையில் அமர்ந்தவர், அப்போது 16 வயதான சென்னைப் பையன் குகேஷ். தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார். உலகம் மாமல்லபுரத்தைத் திரும்பிப் பார்த்தது. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவோடு ஆடும்போது, வெற்றி கைக்கு எட்டிவிட்ட நிலையில், கடிகாரத்தின் நெருக்கடியில் ஒரு தவறான நகர்த்தல் செய்து ஆட்டத்தையே இழந்தார். இரு நாட்டுக்கும் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக முடிந்த அந்தச் சுற்றுக்குப் பிறகு தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று. மண்டபத்தில் இருந்தவர்களும் கணினித் திரையில் பார்த்தவர்களும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மனம் கலங்கினார்கள். ஆனால் சதுரங்கத்தில் நடந்தது எதுவும் மறைவதில்லை. எத்தனையாவது நகர்த்தலில், எந்தக் கட்டத்தில், எதற்குப் பதிலாக எதைச் செய்தோம் என்பது எழுத்தில் நின்றுவிடுகிறது.

மறுநாள் கடைசிச் சுற்றில் அவர் மறுபடி வந்து உட்கார்ந்து, தம் ஆட்டத்தைச் சமன் செய்தார். அணி ஜெர்மனியை 3-1 என்று வென்று வெண்கலம் பெற்றது. 11 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு முதல் பலகையின் தனிநபர் தங்கமும் அவருக்கே கிடைத்தது. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில், உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் 14-ஆவது ஆட்டம் சமனில் முடியப்போகிறது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில், சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். எதிரே இருந்த குகேஷ், அதைக் கவனித்தபின் தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, மறுபடியும் பலகையைக் குனிந்து பார்த்துச் சரிதானா என்று ஒருமுறை எண்ணிக்கொண்ட பிறகே காயைத் தொட்டார்.